பன்னுக்குள்ளே ஐஸ்கிரீம்

விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் மூலையில் ஓர் ஐஸ்கிரீம் கடை. அங்கே கரண்டி பிடிக்கிறவளுக்கு ஊர் உலகத்து நாக்கெல்லாம் அத்துப்படி. நக்காமல் கொள்ளாமல் கடித்தே தின்பவர்கள் உண்டு. மேலே மிளகாய்த்தூள் தூவிக்கொள்பவர்கள் உண்டு. உடம்பை உலுக்கும் குளிரிலும் கம்பளிக் கோட்டோடு வரிசையில் நிற்பார்கள் சிலர். வெயில் மண்டையைப் பிளந்தாலும், தொண்டை கட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கிப் போவார்கள் வேறு சிலர். எல்லாருக்கும் சிரித்தபடி அள்ளிக் கொடுப்பாள்.

அந்த மாதம் மட்டும் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. பஸ் மெக்கானிக்கான அவள் கணவருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. கெட்ட கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். மனிதர்தான் வாயைத் திறக்க மறுத்தார். முதல்முறை கஞ்சி விழுங்கியபோது உயிர் போகிற வலி. அன்றோடு சாப்பாடு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்பில் நிற்காத கால்சட்டையைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

"இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான்" என்று சொல்லி, வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அவள் கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கிப் போனாள்.

"என்னங்க, குளுகுளுன்னு இருக்கும். ரெண்டே வாய்."

"நான் என்ன பச்சப்புள்ளையா?" அவர் குரல் பாதி காற்றாக வந்தது. "சாப்பாடு வேற, தின்பண்டம் வேற."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொன்னா? போன வாரம் வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்தாரு, உங்க வயசுதான் இருக்கும். பையிலேர்ந்து பன்னை எடுத்து, நடுவுல பொளந்து, இதுக்குள்ள வைங்கன்னாரு. என்ன சார் இதுன்னு கேட்டேன். அவங்க ஊர்ல வெயில் காலத்துல காலை டிபனே அதுதானாம்!"

அவர் புருவம் மேலே ஏறியது. "டிபனா?"

"டிபன்தான். தின்னுட்டு வேலைக்குப் போவாங்களாம்."

"பன்னுக்குள்ளயா?"

"பன்னுக்குள்ளதான்."

ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பியவர், "பன்னு இருக்கா?" என்றார்.

செருப்புக்கூட மாட்டாமல் தெருமுனைக் கடைக்கு ஓடினாள். திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் பாதி உருகியிருந்தது, அதுவும் நல்லதாயிற்று. பன்னின் மெத்தென்ற உட்புறத்தைக் கிள்ளி, அதில் ஊறவைத்து ஊட்டினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

"அவ்வளவா வலிக்கல" என்றார். பாதிப் பன் போன பிறகு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார்.

குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சமையலறைக்குப் போய், டப்பாவில் ஒட்டியிருந்ததை விரலாலேயே வழித்து நக்கினாள். தானும் மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "குழாய்க்கு வேலையில்ல. கஞ்சி, பாலு, எல்லாம் மெதுவா ஆரம்பிங்க."

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள். கண்டக்டர் வந்து உலுக்க வேண்டியதாயிற்று.

"அம்மா, கடைசி ஸ்டாப்பு. எங்க எறங்கணும் நீங்க?"

"அது எப்பவோ போயிடுச்சு தம்பி" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.