நாலாவது பல்சக்கரம்

போராக் ஊர் பந்தய மைதானத்தில் ஞாயிறுதோறும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவன் நான். முழங்கை நீள வண்டிகள் மேட்டிலும் பள்ளத்திலும் தாவி ஓடும். ஓட்டுகிறவர்கள் மேடையில் வரிசையாக நின்று, கையிலுள்ள ரிமோட் கருவியால் அவற்றை விரட்டுவார்கள். யார் முந்தினார், யார் கவிழ்ந்தார் என்று சொல்வது என் வேலை. பொம்மை வண்டி என்று நான் சொல்லலாம். வெளியூர்க்காரன் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

அங்கே வருகிறவர்களில் ஃபெலிசா மனலஸ்தாஸ் ஒருத்தி. தொசினோ ஃபெலி என்றால்தான் ஊருக்குத் தெரியும். பன்றி இறைச்சியைச் சர்க்கரையிலும் உப்பிலும் ஊறவைத்து, தொசினோ என்று சந்தையில் விற்கிறாள். புருஷன் அர்சிங் முடிதிருத்துகிறவன். வண்டியை முதலில் வாங்கியதே அவன்தான். வாங்கிய மாதத்திலேயே அதை வேலியில் மோதினான். கோபத்தில் கருவியைத் தரையில் அடித்துவிட்டு, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சத்தியம் செய்தான். ஃபெலி அதை எடுத்துத் துடைத்து ஓட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் ஓட்டுகிறவள், அவன் திருப்புளி பிடிக்கிறவன். வீட்டிலும் அப்படித்தான் என்று ஒருநாள் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். அந்த மாதம் முடிவெட்ட நான் பக்கத்து ஊருக்குப் போகவேண்டியதாயிற்று.

எங்கள் பந்தயத்திலும் விருந்து மாதிரி பந்தி உண்டு. காலையில் வேகமாக ஓடியவர்கள் முதல் பந்தி, மற்றவர்கள் இரண்டாம் பந்தி. இரண்டாம் பந்தியில் முதலாவதாக வருகிற ஒரே ஒரு ஆள் மட்டும் முதல் பந்தியின் கடைசி இடத்துக்கு ஏறலாம். ஃபெலி ஏழு வருஷமாக இரண்டாம் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கே இரண்டாவதாக வருவாள், மூன்றாவதாக வருவாள். ஏறியதில்லை.

"கப்பு, கோப்பை ஒண்ணும் வேணாம் கோயா," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். கோயா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். "நானும் அவங்களோட ஓட்டத் தகுதியானவதானான்னு ஒரே ஒரு தடவ தெரிஞ்சிக்கிட்டா போதும்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவன் வில்மர். எங்கள் ஊர் சாம்பியன். நல்ல ஓட்டக்காரன், அதைவிட நல்ல வாய்க்காரன்.

கதை புரிய ஒரு சங்கதி தெரியவேண்டும். இந்த வண்டிகளில் மோட்டாரின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பெட்டிக்குள் மூன்று பல்சக்கரமும் போடலாம், நான்கும் போடலாம். மூன்று போட்டால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். வண்டி பின்பக்கம் குந்தாமல் தட்டையாகப் பாயும். ஈரமண்ணில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. நான்கு போட்டால் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும். விசை கொடுத்ததும் பாரம் பின்சக்கரத்தின் மேல் போய் உட்காரும். ஈரத்தில் அது மந்தம், காய்ந்த வழுக்கலில் ஊன்றி நிற்க அதுதான் கால். எங்கள் மைதானம் பினதுபோ எரிமலை கக்கிய சாம்பலும் வயல் களிமண்ணும் கலந்தது. தண்ணீர் தெளித்தால் பசைபோலப் பிடிக்கும். காய்ந்தால் மாவு.

ஆனால் கடைசியாக ஓடுகிற முதல் பந்திக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். அதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றே போடுவார்கள். நாலு என்றால் கிழவர் கியர் என்று கேலி.

அந்த ஏப்ரல் ஞாயிறு வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டாம் பந்தியில் முன்னால் ஓடிய இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உருண்டார்கள். ஃபெலி சந்தில் புகுந்து முதலாவதாக வந்துவிட்டாள். அர்சிங் குதித்த குதியில் மேசையே ஆடியது. "தொசினோ ஃபெலி முதல் பந்திக்கு வர்றாங்க, நகர்ந்து உட்காருங்கப்பா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு வளைவுகளில் நின்று, கவிழ்கிற வண்டிகளை நிமிர்த்தவேண்டும். ஜெயித்தவனுக்கும் அதே வேலைதான். அப்படி ஃபெலி மேற்கு வளைவில் நின்றாள். சிறுவர் ஓட்டம் நடந்தது. அவள் குனிந்தபடியே இருந்தாள். ஒவ்வொரு வண்டியும் அங்கே வந்து பின்பக்கத்தை வீசி வழுக்கியது. எழுந்த தூசியில் அவள் முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை.

அதற்குள் குழாயைத் திறக்கப் போன காவலாளி வெறுங்கையோடு திரும்பினான். மோட்டார் பம்ப் புகைந்துவிட்டதாம், தண்ணீர் கிடையாது.

ஃபெலி கூடாரத்துக்கு ஓடிவந்தாள். "யோவ், பெட்டியைக் கழட்டு. நாலாவதைப் போடணும்."

அர்சிங் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இப்பவா? இன்னும் ஒரே ஓட்டந்தான் இருக்கு. ஏழு வருஷம் கழிச்சு ஏறியிருக்க, இருக்கறத வெச்சு ஓட்டேன்."

"ஏறுனது வழுக்கி விழுறதுக்காய்யா? மண்ணுல நின்னு பாத்தேன். மாவு."

பக்கத்து மேசையிலிருந்து வில்மர் எட்டிப் பார்த்தான். அவளை அவன் அட்சி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவான். "அட்சி, கிழவி கியரா? மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கங்க."

"உங்க அம்மாகிட்ட கேட்டு வாங்கித் தாடா தம்பி," என்றாள் ஃபெலி, தலையைத் திருப்பாமலே.

இரண்டு பேருமாகத் திருகாணிகளைக் கழற்றினார்கள். அர்சிங் ஒரு திருகாணியைத் தவறவிட்டு, மண்ணில் துழாவி எடுத்தான். கத்தியை ஒருநாளும் தவறவிடாத கை அது. பல்சக்கரத்தை வைத்து, பெட்டியை மூடி, வண்டியைத் தூக்கிப் பிடித்து விசையைத் தொட்டார்கள். சக்கரம் சுற்றியது. சுற்றுகிறது என்று பார்த்தவர்கள், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

தொடக்கக் கோட்டில் பத்து வண்டிகள், கடைசியில் ஃபெலியுடையது. ஒலி எழும்பியது. ஒன்பது வண்டிகள் முன்னால் பாய்ந்தன. ஃபெலியின் வண்டி பின்னால் பாய்ந்து, நான் நின்று அறிவிக்கிற மேடையின் காலில் வந்து முட்டியது.

மைதானம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு முட்டியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டுகிறவர்கள் மேடையில் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கிவிட்டேன். ஒரு பல்சக்கரம் கூடினால் சுற்று தலைகீழாகிவிடும். மோட்டாரின் திசையையும் மாற்றவேண்டும். அவசரத்தில் அதை மறக்கிற ஆட்கள் உலகத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

"திசை மாத்துற பொட்டி யார்கிட்ட இருக்கு?" அர்சிங் வண்டியை அள்ளிக்கொண்டு அலறினான். அவனுடையது வீட்டு அலமாரியில் இருந்தது.

"என் மேசையில, நீலப் பையில!" மேடையிலிருந்து வந்தது குரல். முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த வில்மர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினான். "சீக்கிரம் போங்க! அட்சி பின்னாடியே ஓட்டி என்னை ஜெயிச்சா ஊருல தலைகாட்ட முடியாது!"

பந்தயம் யாருக்காகவும் நிற்காது. ஃபெலி வண்டியில்லாமல், கருவியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தபடி நின்றாள். இறங்கிப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் இறங்கவில்லை.

அர்சிங் வண்டியைப் பாதையில் வைத்தபோது அவள் எல்லோருக்கும் பின்னால் ஒரு சுற்றுக்கும் மேலாக விழுந்திருந்தாள். விசையைத் தொட்டாள். வண்டி முன்னால் போனது. கூட்டம் கேலியாகக் கைதட்டியது.

மேற்கு வளைவில் கேலி நின்றுபோனது. மற்ற வண்டிகள் அங்கே நெளிந்து, வழுக்கி, விசையைக் குறைத்து ஊர்ந்தன. ஃபெலியின் வண்டி பின்னங்காலை ஊன்றிக்கொண்டு வளைந்து, முழு விசையில் வெளியே வந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. நான் முன்னால் ஓடுகிறவர்களை மறந்துவிட்டுக் கடைசி வண்டியைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். "ஃபெலி ஒருத்தரைத் தாண்டிட்டாங்க! வளைவுல பாருங்க, வளைவுல பாருங்க!" அர்சிங் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

இழந்ததெல்லாம் திரும்பவில்லை. வில்மர்தான் ஜெயித்தான், அவன் கை அப்படி. ஃபெலி எட்டாவது. மேடையிலிருந்து இறங்கி, வண்டியை எடுத்துத் தூசியை ஊதிக்கொண்டு நின்றாள்.

"என் தப்பு ஃபெலி," என்றான் அர்சிங். "பக்கத்தைப் பாக்காம விட்டுட்டேன்."

"நானுந்தான பாத்தேன். விடு."

நான் கணினித் திரையைப் பார்த்து முடிவுகளைப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரி, அந்த ஓட்டத்திலேயே மிக வேகமான ஒரு சுற்றை ஓட்டியவர் யார் என்பது. அதை இரண்டு தடவை மனசுக்குள் படித்தேன். வில்மர் மேலே ஏறிவந்து திரையைப் பார்த்தான். பிறகு என் தோளில் தட்டி, "படிங்க கோயா, ஏன் முழுங்குறீங்க," என்றான்.

"மிக வேகமான சுற்று, ஃபெலிசா மனலஸ்தாஸ்."

தொசினோ ஃபெலி என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. கீழே அவள் அசையாமல் நின்றாள். பிறகு வண்டியை அர்சிங் கையில் கொடுத்துவிட்டு, என் மேடைக்கு நேர் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். தூசி படிந்த கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க கோயா."

சொன்னேன். சந்தை வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.