இழுகம்பிகளுக்கு நடுவே சவரிமுத்து

அரிசி மூட்டை ஏற்றிவரும் லாரிக்காரர் பக்கிரிதான் செய்தியைக் கொண்டுவந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டி, "டிரசர் ஐயா, நம்ம செவிட்டுச் சவரி போயிட்டாருங்க. ஈப்போவுல, சுரங்கத்துக் கொட்டகையிலயே. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம். இன்னிக்குச் சாயங்காலம் எடுக்கறாங்க" என்றார். இங்கே மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரசர் நான்தான். அப்போது ஒரு பெண்ணின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டை முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அதே லாரியில் ஏறிப் போனேன்.

சவரிமுத்துவுக்கு இந்த நாட்டில் உறவு என்று யாருமில்லை. ஆனால் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 'பாய்லரைக் கெடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனவன்' என்று சொல்லித்தான் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அன்று நான் பக்கத்தில் இருந்தவன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அவர் நாகப்பட்டினத்துக்காரர். அங்கே ரயில் பட்டறையில் இளவயதிலேயே சேர்ந்து, பாய்லருக்குள் உட்கார்ந்து, வெளியே அடிக்கிற ஆணிகளுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிற வேலையைச் செய்தவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது ரப்பர்ப் பாலைத் தகடாக்கும் ஆலையில், இரண்டு பாய்லர்களும் அவர் பொறுப்பில் இருந்தன. தனக்குக் கேட்காததால் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார். அவர் நலம் விசாரித்தாலும் சண்டைக்கு வந்தது போலிருக்கும். கோபக்காரர். மாலையானால் கள்ளுக்கடையில் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. ஒருமுறை காதைக் காட்ட என்னிடம் வந்தார். பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சைகை காட்டினேன். "நல்லதாப் போச்சு டிரசரே. இனிமே தொரை திட்டறது கேக்காது" என்று சிரித்தார். மனைவியை ஏன் ஊரிலிருந்து அழைத்து வரவில்லை என்று கேட்டதற்கு, "அவளும் கத்தணும், நானும் கத்தணும். எங்க குடும்பக் கதை லயம் பூராத் தெரிஞ்சிரும்" என்று ஒட்டி ஒட்டியிருந்த வரிசை வீடுகளைக் காட்டினார். அந்த அம்மாள் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நடந்தது விளங்க வேண்டுமானால், பாய்லரின் உட்புறம் எப்படியிருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பாய்லர் என்பது படுக்க வைத்த பெரிய இரும்புப் பீப்பாய். கீழ்ப்பாதியில் நெருப்புக் குழாய் ஓடும். பீப்பாயின் வளைந்த உடம்பு நீராவியின் அழுத்தத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். இரண்டு முனைகளிலும் இருக்கும் தட்டையான மூடித் தகடுகளுக்கு அந்தப் பலம் கிடையாது. அவை வெளியே பிதுங்கிவிடாதபடி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை உள்ளுக்குள்ளேயே நீளமான இரும்புக் கம்பிகள் போட்டு, இரு பக்கமும் முறுக்கி இறுக்கியிருப்பார்கள். சவரிமுத்து அவற்றை இழுகம்பி என்பார். "நீராவி எப்பவும் வெளிய போகத்தான் பாக்கும். இந்தக் கம்பிதான் ரெண்டு தகட்டையும் விடாமப் புடிச்சுக்கிட்டு நிக்குது" என்பார்.

பாய்லரில் தண்ணீர்க் கறை ஏறிக் கல்லாகப் படியும். அதைக் கொத்தி எடுக்க ஒரு மனிதன் மேலே உள்ள துளை வழியாக இறங்கி, இந்தக் கம்பிகளுக்கு இடையே ஊர்ந்து போக வேண்டும். எங்கள் தோட்டத்தில் அந்த வேலை காத்தமுத்துவுடையது. ஒல்லியான ஆள், அதனாலேயே அந்த வேலை அவன் தலையில் விழுந்தது. அவன் மனைவி அஞ்சலை ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவள். கைக்குழந்தை ஒன்று இருந்தது.

அன்று ஒரு பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதைக் குளிரவைத்துக் காத்தமுத்து உள்ளே இறங்கியிருந்தான். ஆள் உள்ளே இருக்கும்போது துளையருகே ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருப்பது வழக்கம். அன்று பால் அதிகமாக வந்துவிட்டது. வண்டி தள்ள ஆள் போதவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னத் துரை, காவலுக்கு இருந்தவரை எழுப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு இழுகம்பி முறிந்தது. அதன் முனை துருவேறி உள்ளுக்குள்ளேயே தேய்ந்து போயிருந்திருக்கிறது. காத்தமுத்து கொத்திய அதிர்ச்சியில் அது தகட்டிலிருந்து விட்டு, அத்தனை பாரத்தோடும் சரிந்து, அவன் தொடையை நெருப்புக் குழாயோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

அவன் எவ்வளவு நேரம் கத்தினானோ தெரியாது. ஓடுகிற எந்திரங்களின் இரைச்சலில் காது நன்றாக இருந்தவர்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. பம்பைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து, ஆறின பாய்லரில் சூடு ஏதும் ஏறுகிறதா என்று பார்க்க அதன் மேல் கையை வைத்திருக்கிறார். உள்ளேயிருந்து யாரோ சுத்தியால் தட்டுவது உள்ளங்கையில் தெரிந்திருக்கிறது. கொத்துகிற தட்டு அல்ல அது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

என்னை அழைத்துப் போக ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சவரிமுத்து ஏற்கனவே உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தார். பக்கத்துப் பாய்லரிலிருந்து இணைப்புக் குழாய் வழியாகச் சூடு கசிந்துகொண்டிருந்தது. "அந்த நெருப்ப இழுத்துக் கொட்டுங்கடா!" என்று கத்தினார். சின்னத் துரை குறுக்கே வந்தார். இளைஞர், முகம் வெளுத்துப் போயிருந்தது. ஓரளவு தமிழ் பேசுவார். "பால் எல்லாம் கெட்டுப் போகும்" என்றார். சவரிமுத்துவுக்கு அது கேட்டதா, கேட்காதது போல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. நெருப்பை வாரும் நீளமான இரும்புத் துடுப்பைத் தானே எடுத்து எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துத் தள்ளினார். எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் உள்ளேயிருந்து வந்த முனகல் எங்களுக்குக் கேட்டது.

முறிந்த கம்பியைத் தூக்க முடியவில்லை. அதன் மறுமுனை இன்னும் இறுகியிருந்தது. மேலே இன்னொரு கம்பி, நல்ல கம்பி, தடுத்துக்கொண்டிருந்தது. உடைந்ததை அறுப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நல்ல கம்பியையும் அறுக்க வேண்டும் என்று தெரிந்ததும், சின்னத் துரை, "வேண்டாம். பெரிய துரை வரட்டும். ஈப்போவிலிருந்து எஞ்சினியரைக் கூப்பிடலாம். அதை அறுத்தால் பாய்லர் போய்விடும்" என்றார்.

சவரிமுத்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாய்லர் போனா வேற வாங்கலாம் தொரை" என்று சொல்லிவிட்டு, ரம்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் துளையின் விளிம்பில் படுத்து, நனைத்த சாக்குகளை உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரையும் பார்க்க முடிந்தது. சவரிமுத்து நெருப்புக் குழாயின் மேல் மல்லாந்து கிடந்து, முகத்தில் இரும்புத் தூள் கொட்ட, தலைக்கு மேல் கையை நீட்டி அறுத்தார். காத்தமுத்துவுக்கு மயக்கம் வருவதும் தெளிவதுமாக இருந்தது.

"டேய், பேசுடா! எதையாவது பேசு!" என்று சவரிமுத்து கத்தினார்.

"என்னத்தண்ணே பேச... ஒங்களுக்குத்தான் கேக்காதே..."

"கேக்காது. வாய் அசையறது தெரியும்ல? அசைஞ்சுக்கிட்டே இருக்கட்டும்!"

அவன் பேசினான். பிள்ளைக்கு மொட்டையடிக்க வேண்டும், அஞ்சலை சேவலை விற்கச் சொல்கிறாள், தனக்கு மனமில்லை என்று என்னென்னவோ சொன்னான். அது எதுவும் கேட்காத மனிதர், ரம்பத்தை இழுத்தபடியே அடிக்கடி தலையைத் திருப்பி அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டார். முதலில் முறிந்த கம்பியை அறுத்தார். பிறகு நல்லதை அறுத்தார். அது விட்டபோது பாய்லர் முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது.

வெளியே எடுத்த காத்தமுத்துவைக் கொண்டுபோகச் சின்னத் துரை தன்னுடைய காரையே கொடுத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். ஈப்போ ஆஸ்பத்திரியில் காத்தமுத்துவின் காலை எடுத்தார்கள். சில நாள் நன்றாகத்தான் இருந்தான். அஞ்சலை பக்கத்திலேயே இருந்து கஞ்சி கொடுத்தாள். பிறகு விஷக் காய்ச்சல் கண்டது. இறந்துவிட்டான்.

அந்தச் செய்தி தோட்டத்துக்கு வந்த மறுநாள் பெரிய துரை சவரிமுத்துவை ஆபீசுக்கு அழைத்தார். கேட்காதவருக்குப் புரியவைக்க என்னையும் வரச் சொன்னார்கள். துரை சொன்னது சுருக்கமானது. இனி இங்கே வேலை இல்லை. சொன்னதைக் கேட்காமல் நெருப்பை அணைத்தது குற்றம். நல்ல கம்பியை அறுத்தது குற்றம். அந்த ஆளும் பிழைக்கவில்லை. நான் அதை அவருக்கு முன்னால் நின்று, உதடு தெரிய, மெதுவாகச் சொன்னேன். கடைசி வாக்கியத்தை இரண்டாவது முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். காவலுக்கு இருந்தவரை எழுப்பி அனுப்பியது யார் என்ற பேச்சே அந்த அறையில் எழவில்லை.

வெளியே வந்ததும் மரத்தடியில் நின்றார். முதல் தடவையாக அவர் தாழ்ந்த குரலில் பேசிக் கேட்டேன்.

"நல்ல கம்பியத்தான் மொதல்ல அறுத்திருக்கணும் டிரசரே. அத அறுத்திருந்தா ஆள அப்பவே கொஞ்சம் நகத்தியிருக்கலாம். ஒடஞ்சத மொதல்ல அறுத்துப் பாத்தேன். அது மட்டும் போதுமான்னு பாத்தேன். நானும் பாய்லரத்தான் நெனச்சேன்."

துரைகளின் குற்றச்சாட்டு அவரைத் தொடவேயில்லை. அவர் தன் மேல் வைத்த குற்றம் வேறாக இருந்தது. முன்னதாக எடுத்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் தோட்டத்தை விட்டுப் போனபோது யாரும் வழியனுப்ப வரவில்லை. துரைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அஞ்சலை மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்திலிருந்து இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் நடையை வேகமாக்கினார். அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள். காது கேட்காதவர் என்பதால் அவளும் கத்தித்தான் பேசினாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"எதுக்கு என்னப் பாத்து ஓடுறீங்க? உள்ளயே உசுரு போயிருந்தா அது இரும்புக்குள்ள கெடந்த பொணம். நீங்க வெளிய கொண்டாந்தீங்க. அத்தன நாளும் எங்கிட்டப் பேசிச்சு. எங் கையால கஞ்சி குடிச்சிச்சு. புள்ள கன்னத்தத் தொட்டுச்சு. அது எனக்குப் போதும்ணே."

அவர் பெட்டியை இறக்கவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தார். பிறகு சாலையில் இறங்கி நடந்தார். அவள் சொன்னது அவர் மனத்தில் இறங்கியதா என்று கேட்டால், பாதிதான் இறங்கியது என்பேன்.

வேறு தோட்டங்கள் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஈப்போவுக்கு வெளியே ஒரு ஈயச் சுரங்கத்தில், பம்புக்கு நீராவி கொடுக்கும் பாய்லரில் நெருப்புப் போடும் வேலை கிடைத்தது. ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், இருமல் இருந்தது. பாய்லர் மேல், துளையருகே, ஒரு கையை உள்ளே விட்டபடி வெயிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சீனத் தொழிலாளி கொத்திக்கொண்டிருந்தான். இறங்கி வாருங்கள், நிழலில் பேசலாம் என்றேன். தலையை ஆட்டினார்.

"உள்ள ஆளு இருக்கறப்ப வெளிய இருக்கறவன் எந்திரிக்கக் கூடாது."

அது அவர் வேலை கிடையாது. அதற்கென்று தனி ஆள் உண்டு. ஆனால் யார் உள்ளே இறங்கினாலும் இவர்தான் போய் உட்கார்ந்துகொள்வார் என்றும், முதலில் எல்லோரும் சிரித்தார்கள் என்றும், இப்போது இவர் வந்து உட்காராமல் யாரும் உள்ளே இறங்குவதில்லை என்றும் சுரங்கத்துக் கப்பாளா, அதாவது மேஸ்திரி, மலாயில் சொன்னார். நான் மேலே ஏறி, அவருக்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, அந்த ஆள் வெளியே வரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கத்துக்குத் தமிழர்கள் கொஞ்சப் பேர்தான் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் சீனத் தொழிலாளிகள். பாதிரியார் செபம் சொன்னபோது அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அஞ்சலைக்கு நான் சொல்லியனுப்ப நேரமில்லை. மறுநாள் போய்ச் சொன்னேன். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மரத்தில் சாய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆயுசு பூரா இரும்புக்குள்ள கெடந்த மனுசன், காத்தாடுற எடத்துலதான் பொதச்சாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இந்த வாரம் என் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் காய்ச்சலில் கிடக்கிறார். பிழைக்க மாட்டார். மகன் பால் வெட்டப் போயாக வேண்டும். நான் செய்யக்கூடிய மருத்துவம் எல்லாம் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் இந்த நிலையில் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவேன். அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. இப்போது முக்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய கை என் கைக்கு எட்டும்படி உட்கார்ந்திருக்கிறேன். சவரிமுத்துவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.