தொலைபேசிப் பெட்டியில் அறுகரிசி

இலங்கை, பிரித்தானியா என்று எனக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமை. ஆனால் பாரிசில் என் ஒரே தங்கைக்குக் கல்யாணம் நடந்த அன்று கையில் ஒரு பாஸ்போர்ட்டும் இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. பிரித்தானியப் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.

லண்டனில் நான் இருந்த அறையில் தொலைபேசி கிடையாது. முகூர்த்த நேரத்துக்கு ரெய்னர்ஸ் லேன் தெருவோரத் தொலைபேசிப் பெட்டிக்குள் போய் நின்றேன். சொல்லிவைத்தபடியே சித்தி மகன் கல்யாண மண்டபத்திலிருந்து அந்தப் பெட்டியின் எண்ணுக்கு அழைத்தான்.

“அண்ணை, தாலி கட்டப் போகினம். மேளம் கேக்குதோ?”

“ஓம், கேக்குது!”

கெட்டிமேளம் முழங்கியதும், வாழ்த்துவதற்காகக் கொண்டுபோன, அறுகம்புல் கலந்த அறுகரிசியை ரிசீவர் மேலேயே தூவினேன். கண் கலங்கிவிட்டது.

வெளியே காத்திருந்த வெள்ளைக்காரர் கதவைத் திறந்தார். ஏசப்போகிறார் என்று பயந்து விஷயத்தைச் சொன்னேன். அவரோ கையை நீட்டினார்.

“எங்கள் கல்யாணங்களிலும் அரிசி போடுவோம்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு பிடி வாங்கி ரிசீவர் மேல் எறிந்தார்.

பாஸ்போர்ட் வந்தபின் பாரிசுக்குப் போனேன்.

“லண்டனிலையிருந்து பொம்பிளை பகுதி எண்டு எங்கட பக்கம் ஒருத்தரும் வரேல்லை, அண்ணை” என்று தங்கை குறைப்பட்டாள்.

“பொம்பிளை பகுதியிலை ரெண்டு பேர் அங்கை நிண்டு அறுகரிசி போட்டனாங்கள், பிள்ளை” என்றேன்.

அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. பொம்பிளை பகுதி ஆள் என்பது மட்டும் தெரியும்.