கையால் செருகிய ஆப்பு

தனபாலன் அண்ணன் காலமாகிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. எதையும் இரண்டு தடவை விசாரி என்று சொன்னவரே அவர்தானே? அவர் மகள் கவிதாவுக்கு நேராகவே போன் அடித்தேன். "ஆமா சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், மனிதர் பொல்லாத சந்தேகப் பிராணி. கெர்லிங் டவுன் டீக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்தால் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "வாய் சுத்தமா பேசுறவன் கிளாஸையும் சுத்தமா கழுவுவான்னு என்ன நிச்சயம்?" என்பார். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

எங்கள் தோட்டத்துக் கோயிலை ஒட்டிய மண்டபத்துக்குக் கூரை போட்டவர் அவர். இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் தகரக் கூரை. முகட்டில் ஓடும் விட்டத்துக்கு அத்தனை நீளத்தில் ஒரே மரம் கிடைக்காததால் நடுவில் இரண்டை இணைத்திருந்தார். அந்த விட்டத்திலிருந்து இரு புறமும் கைமரங்கள் இறங்கின. அவை விலகிவிடாமல், சுவருக்குச் சுவர் ஓடிய குறுக்குச் சட்டங்கள் அவற்றின் அடியைப் பிடித்திருந்தன. தைப்பூசத்தன்று உள்ளே வரும் காவடிகளின் மயில்பீலி அந்தச் சட்டங்களில் இடித்தது. "சாமிக்கு வழி விடணும்லா" என்று கோயில் கமிட்டி நடுவிலிருந்த சட்டங்களை அறுத்துவிட்டது. அண்ணன் அப்போது வெளியூர் வேலையில் இருந்தார்.

திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தவருக்கு முகமே மாறிவிட்டது. "ரெண்டு ஆளு தலைய முட்டிக்கிட்டுச் சாஞ்சு நிக்கிறான். கால் வழுக்குனா என்னாகும்? ஒண்ணு காலைக் கட்டணும், இல்ல தலையத் தாங்கணும்" என்று கத்தினார். சட்டத்தைத் திரும்பப் போடக் கமிட்டி சம்மதிக்கவில்லை. சரி என்று மண்டபத்தின் நட்ட நடுவில், அந்த இணைப்புக்கு நேர் கீழே, ஒரு தூணை நிறுத்தினார். உச்சியில் விட்ட சின்ன இடைவெளியில் ஓர் ஆப்பைக் கையால் செருகினார். சுத்தியலைத் தொடவே இல்லை. "இது கையில அசையிற வரைக்கும் கூரை தானா நிக்குது. அசையலேன்னா, தூணு மேல உக்காந்திருச்சுன்னு அர்த்தம்."

எனக்கு அவர்மேலேயே சந்தேகம். "உங்க இணைப்பு சரியில்ல, அத மறைக்கத்தானே தூணு?" என்று கேட்டே விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "என் இணைப்புதான் தம்பி. அதனாலதான் நம்பல. அடுத்தவன் வேலையில எங்க ஓட்டைன்னு தெரியாது. என் வேலையில தெரியுமே!" அந்தப் பதிலையும் நான் முழுசாக நம்பவில்லை.

கவிதாவின் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. தூணை ஒரு நாள் மட்டும் எடுத்துத் தரச் சொன்னாள், அவர் மறுத்துவிட்டார். "பொண்ணோட அப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையோ?" என்று மாப்பிள்ளை வீட்டார் காதைக் கடித்தார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் தூண்தான் முன்னால் நின்றது. வெகுநாள் வரை அவள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய கருமக்கிரியைச் சாப்பாடும் அங்கேதான். இலை எடுப்பதற்குள் கமிட்டி இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். "அவருதான் இல்லையே அங்கிள், தைப்பூசத்துக்கு முன்னால தூண எடுத்துடலாம்லா."

முதலில் தலையாட்டப் போவது கவிதாதான் என்று நினைத்தேன். அவள் சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். "எடுங்க. அப்பா கட்டுன கூரைய அப்பாவே நம்பல. நீங்க நம்புனா, எடுக்கிற அன்னிக்கு உங்க பிள்ளைங்கள இதுக்குக் கீழ நிக்க வைங்க."

இளைஞர்கள் இலை எடுக்கப் போய்விட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஏணியைச் சாத்தி நானே ஏறினேன். கவிதா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஆப்பை ஒரு கையால் அசைத்துப் பார்த்தேன். பிறகு இரண்டு கையாலும் இழுத்தேன். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

"என்ன சித்தப்பா?"

"அசையலம்மா."

அவள் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அண்ணே, உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகம்தான். அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கமிட்டியைக் கேட்காமலே குறுக்குச் சட்டங்களுக்கு மரம் ஆர்டர் கொடுத்துவிட்டேன். முருகன் கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும். இனிமேல் காவடிகள் குனிந்து வரட்டும்.