பழைய பாடத்துக்கு இன்னும் ஒரு வருஷம்

மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்தபோது என் கணவர் கல்லூரியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தார். சர்வகலாசாலையின் பாடப் போர்டிலும் இருந்தார். அந்த நாளில் ஒரு பாடத்தை மாற்றுவது ஒரு கல்யாணத்தை நடத்தி முடிப்பதைவிடப் பெரிய பாடு. போர்டு கூடித் திட்டம் எழுதும். அது அச்சாகி அகடமிக் கவுன்சிலுக்குப் போகும். அங்கே ஒரு கமாவுக்காக அரை நாள் வாதாடுவார்கள். அதற்கும் மேலே செனட் இருந்தது.

பி.ஏ.வுக்கு முந்தைய இன்டர்மீடியட் வகுப்பின் சரித்திரத்தை அடியோடு மாற்ற வேண்டுமென்று இவர் தவமாய்க் கிடந்தார். இங்கிலாந்து ராஜாக்களை நெட்டுருப் போட்டது போதும், நம் ஊர்க் கல்வெட்டையும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்பது இவர் கட்சி. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுத்தான். ரசம் ஆறிப்போவது இவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கடைசியில் போர்டு ஒப்புக்கொண்டது. கவுன்சிலுக்குப் போகும் அச்சுத்தாள் பிழை பார்க்க வீட்டுக்கு வந்தது. ஒரு மத்தியானம் நான் உரக்க வாசிக்க, இவர் பென்சிலும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவருடைய தங்கை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே இன்டர்மீடியட்டுக்குப் படித்தவள். படி படி என்று தூண்டியவர் அவள் கணவர்தான். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். சரித்திரம் மட்டும் பாக்கி. அதை எழுத வேண்டிய வாரத்தில் டைபாய்டு அவரைக் கொண்டுபோய்விட்டது. எங்களிடம் வந்தவள் வெகு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அந்த வருஷம்தான் தானாகவே எடுத்துப் படிக்க ஆரம்பித்திருந்தாள். அவள் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"வரும் பரீட்சை முதல் புதிய திட்டப்படியே வினாக்கள் அமையும்" என்று வாசித்தேன். அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

"மன்னி, அந்த வரியை இன்னொரு தரம் வாசியுங்கோ."

வாசித்தேன். அவள் நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏன்னா, பழைய பாடத்தைப் படிச்சுண்டு இருக்கிறவா என்ன பண்ணுவா?" என்றேன்.

இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எந்தத் திட்டத்தை மாற்றினாலும், பழையதைப் படித்தவர்கள் இன்னும் ஒரு தடவை அதையே எழுதலாம் என்று ஒரு விதி சேர்ப்பது வழக்கம். புதுப் பாடத்தின் மேலிருந்த மோகத்தில் அதை எழுத இவரும் மறந்தார், போர்டில் இருந்த மற்றப் பெரியவர்களும் மறந்தார்கள்.

"கவுன்சில்ல திருத்தம் கொண்டுவரலாம்," என்றார். பிறகு தாமே தலையை ஆட்டினார். "நான் கொண்டுவரப்படாது. சொந்தத் தங்கைக்கு விதியை வளைச்சான்னு பேசுவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க தங்கைக்காகக் கேக்க வேண்டாம். இதே மாதிரி இன்னும் எத்தனையோ ஆத்துல எவளாவது காய் நறுக்கிண்டிருப்பா. அவளுக்காகக் கேளுங்கோ."

அன்று காபி கொடுத்தேன். பேச்சுக் கொடுக்கவில்லை.

கவுன்சில் கூடிய நாளில் இவர் எழுந்து நின்றிருக்கிறார். "இந்த விதியை விட்டது என் தப்பு. என் தங்கையே இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதைச் சபை தெரிந்துகொள்ளட்டும். நான் ஓட்டுப் போடப்போவதில்லை," என்று சொல்லிவிட்டுத் திருத்தத்தைப் படித்திருக்கிறார். எப்போதும் இவரோடு மல்லுக்கு நிற்கும் ஒரு கணக்குப் பேராசிரியர்தான் வழிமொழிந்தாராம். பழைய பாடத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது. இதையெல்லாம் இவர் வீட்டுக்கு வந்துதான் சொன்னார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அன்று நான் சந்தோஷப்பட்டேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

அவள் எழுதினாள். பரீட்சை முடிவு பேப்பரில் வந்த காலையில், லஸ் கடைத்தெரு வரை நடந்துபோய் வாங்கி வந்த இவர் அதைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். "நீ பாரேன், எனக்குக் கை ஓடலை."

அவள் நம்பர் அதில் இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "அவர் இருந்திருந்தா முதல்ல பேப்பரைப் பிடுங்கியிருப்பார்," என்றாள். இவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவள் ஒருத்திதான் அழவில்லை.

கொஞ்சம் கழித்து இவரிடம் கேட்டாள்: "அண்ணா, பி.ஏ. பாடத்தையும் மாத்தப் போறேளாமே?"

"ஆமாம். இப்பத்தான் எழுதிண்டிருக்கேன்."

"எழுதினவரைக்கும் கொண்டாங்கோ. போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு தரம் படிச்சுடறேன்."

இவர் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.