கத்திச் சொன்னதால் பிழைத்தான்

திருவொற்றியூரிலிருந்து அம்மாவும் நானும் தம்பியைப் பார்க்கச் சிறைக்கு மனு போட்டுப் போவோம். கம்பி வலைக்கு இருபுறமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருநாள் தம்பி காதில் பஞ்சு வைத்திருந்தான். இரைச்சல் தாங்கவில்லையோ?

"இன்னாடா பஞ்சு?"

"ராவெல்லாம் யாரோ 'செத்துப் போ'ன்னு சொல்லிக்கினே கீறாங்கக்கா!" என்று கத்தினான்.

"மெதுவா சொல்லுடா, பைத்தியம்னுடுவாங்க" என்று அம்மா பதறினாள்.

ஆனால் வார்டருக்குக் கேட்டுவிட்டது. அவர் சிறை டாக்டரிடம் அழைத்துப்போக, டாக்டர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார். மாத்திரையில் அந்தக் குரல் அடங்கியது. மெதுவாகப் பேசும் இடமாயிருந்தால் தம்பி என்ன ஆகியிருப்பான்?

இப்போது "சாப்டியா?" என்பதற்கு முன்பே, "தூங்குனியா? யார்னா பேசுறாங்களா?" என்று வார்டருக்கும் கேட்கும்படி கத்துகிறேன். போன மாதம் பக்கத்தில் வேறொரு கைதியைப் பார்க்க வந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தன் மகனிடம் அதையே கத்தினார்.