பிரஷருக்கு மூச்சு, பஸ்ஸுக்குக் கை

கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பிரஷர் இருக்கக் கூடாது. எங்கள் கம்பெனி டாக்டர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த மாதமும் குறையாவிட்டால் கிரேனை விட்டு இறங்க வேண்டியதுதான் என்றார். இறங்கினால் பேக்கிங் செக்‌ஷன். அங்கே சூப்பர்வைசர் நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் நிற்பார். மேலே என் கேபினுக்கு அவர் குரல் எட்டாது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

என் மனைவி போச்சம்பள்ளிக்காரி. எதையும் பாதியில் விடமாட்டாள். மாத்திரையோடு சேர்த்துச் செய்யச் சொல்லி, செல்போனில் ஒரு சீன மூச்சுப் பயிற்சியைக் கண்டுபிடித்தாள். மூச்சை இழுத்தபடி இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்க வேண்டும். விட்டபடி உள்ளங்கைகளைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். கண் மூடியிருக்க வேண்டும். மரத்தடி நல்லது, விடிகாலை நல்லது. நேரம் தவறினால் பலனே இல்லை என்று வீடியோவில் இல்லாத ஒன்றை அவளே சேர்த்துக்கொண்டாள்.

மதிய ஷிப்ட் வாரங்களில் மொட்டைமாடியில் ஒழுங்காகவே செய்தேன். ஆனால் செக்கப் வந்தது காலை ஷிப்ட் வாரத்தின் முதல் நாளில். விடிகிற நேரத்தில் நான் ஓசூர் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பேன். அன்றைக்கு மட்டும் சாயங்காலம் செய்கிறேனே என்று கெஞ்சினேன்.

"சாயங்காலம் செஞ்சா அது வேற வைத்தியம். ஸ்டாப்புல புங்கமரம் இருக்குதில்ல? அங்கயே நின்னு மூச்ச வுடுங்க."

எங்கள் ஸ்டாப்பில் ஒரு வழக்கம் உண்டு. அந்நேரத்தில் எல்லாக் கம்பெனி பஸ்களும் வரிசையாக வரும். கை தூக்கினால் நிற்கும். லீவு போட்டவர்களும் டீ குடிக்க அங்கேதான் வருவார்கள்; அவர்கள் உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினால், நான் வரவில்லை, நீ போ என்று அர்த்தம். இத்தனை வருடமாக நானும் காட்டிய சைகைதான். மரத்தடியில் கண்ணை மூடியபோது அது நினைவுக்கு வரவில்லை.

மூச்சை இழுத்துக் கைகளைத் தூக்கினேன். ஒரு பஸ் நின்றது. டிரைவர் கன்னடத்தில் சீக்கிரம் ஏறச் சொன்னார். நான் அசையவில்லை. அடுத்த பஸ்ஸும் நின்றது. அந்த டிரைவர் தெலுங்கில் என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார். இடையில் கண் திறந்தால் செய்ததெல்லாம் வீண் என்பது மனைவியின் உத்தரவு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதாக எங்கள் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்போது நான் மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு உள்ளங்கைகளும் கீழே அழுத்தின. எங்கள் டிரைவர் தங்கமான மனிதர், சொன்னதைக் கேட்பார். நான் கண் திறந்தபோது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது.

ஷேர் ஆட்டோவில் தொங்கி, கேட்டிலிருந்து ஓடி, மூச்சிரைக்க டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். பிரஷர் பார்த்த நர்ஸம்மா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார். போன மாதத்தைவிட அதிகம். மூச்சுப் பயிற்சி செய்துவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். டாக்டர் என்னை வெளியே போய்ச் சற்று நேரம் உட்காரச் சொன்னார்.

ஷெட்டுக்குப் போன் செய்தால், என் கிரேனை இன்றைக்கு வேறொருவரிடம் கொடுத்தாயிற்று, மெதுவாக வா என்றார்கள். முதலில் வயிறெரிந்தது. பேக்கிங் செக்‌ஷன் கண் முன்னால் வந்து போனது. அப்புறம் எரிவதற்கும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கையைத் தூக்கவில்லை, கண்ணை மூடவில்லை. யாரும் என்னைத் தேடவில்லை. வேலை நாளில் இப்படிச் சும்மா உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுகமாக இருந்தது.

மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. கிரேன் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

"நல்லா இறங்கியிருக்கு. அந்தப் பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க. எந்த நேரத்துல செய்றீங்க?"

"பஸ் போனதுக்கு அப்புறம் சார்."